நிரப்பாத கட்டம்

தருக்கப் புதிர் என்றால் கட்டம் போட்டுக்கொண்டுதான் எல்லாரும் தொடங்குகிறோம். மேலே ஆட்களின் பெயர்கள், இடப்பக்கம் ஊரோ கிழமையோ தொழிலோ. ஒன்று உறுதியானால் டிக். ஒன்று ஆகவே ஆகாது என்று உறுதியானால் பெருக்கல் குறி. ஒரு டிக் விழுந்ததும் அந்த வரிசையிலும் அந்த நிரலிலும் மிச்சமிருக்கும் கட்டங்களில் பெருக்கல் குறிகள் தாமாக வந்து விழும். பார்க்கவே நன்றாக இருக்கும். எனக்குப் பழக நாளெடுத்தது மூன்றாவது வகைக் கட்டம், எந்தக் குறியும் இல்லாதது.

அந்தக் கட்டத்தைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றும் கிடையாது. ஆனால் கை சும்மா இருப்பதில்லை. ஐந்தில் மூன்று அடிபட்டுவிட்டால் நான்காவதையும் அடித்து, ஐந்தாவதில் டிக் போட்டு முடித்துவிடத் தோன்றும். பாதி நிறைந்த வரிசையை மனசு பொறுப்பதில்லை. இந்தக் குறிப்பேட்டில் சுற்றிச் சுற்றி வருவது அந்த நமைச்சலைப் பற்றிய பேச்சுத்தான்.

*

நான் எழுதப்போவது கேட். ஐ.ஐ.எம்.கள் சேர்ந்து ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் நடத்தும் நுழைவுத் தேர்வு. மூன்று பகுதி, பகுதிக்கு 40 நிமிடம். நடுவில் வருவதை டிஐஎல்ஆர் என்றால்தான் யாருக்கும் புரியும். அட்டவணைகளையும் படங்களையும் படித்துத் தருக்கம் செய்யும் பகுதி அது. ஒரு பகுதியின் நேரம் தீரும்வரை அடுத்ததற்குப் போக முடியாது. போனபின் திரும்பி வரவும் முடியாது. 2015இல் டிஐஎல்ஆர் தனிப் பகுதியானபோது 60 நிமிடமும் 32 கேள்விகளும் இருந்தன. பெருந்தொற்று வந்த 2020இல் 40 நிமிடமாகச் சுருக்கினார்கள். சுருக்கியது சுருக்கியதுதான். 2024இல் 22 கேள்விகள், ஒரே கதையைச் சார்ந்தவை ஒரு செட்டாக, ஐந்து செட்டுகள்.

இந்தப் பகுதிக்குப் பாடத்திட்டம் கிடையாது, முன்னறிவு தேவையில்லை, எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். முழுக்க அப்படியில்லை. தாள் இங்கிலீஷில் மட்டும்தான் வருகிறது. அரைப்பக்கக் கதை: நான்கு கிடங்குகள், ஆறு லாரிகள், எந்த லாரியும் ஒரே கிடங்குக்கு இரண்டு முறை போகவில்லை, குறைந்தது ஒரு லாரி ஞாயிறன்று போயிருக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்குக் கதையே முதல் புதிர். 'குறைந்தது', 'அதிகபட்சம்', 'இரண்டும் அல்ல' ஆகியவற்றைத் தடுமாறாமல் கடந்த பிறகுதான் மற்றவர்கள் நிற்கும் கோட்டுக்கே அவர் வருகிறார். அதற்கு ஆகும் இரண்டு நிமிடத்தை எந்தப் பர்சன்டைலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

2011இல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம். இப்போது புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. பேருந்தில் அதைக் கடக்கும்போது யாரும் கழுத்தைத் திருப்புவதில்லை. நான் சில நாள் மட்டும்.

*

இன்று காலை நானே சின்னதாக ஒன்று கட்டிப் பார்த்தேன்.

வடக்குப் பார்த்த நீள பெஞ்சில் ஐந்து பேர்: கயல், மாறன், தேவி, நாசர், பிலோமினா. கயலுக்கும் தேவிக்கும் நடுவில் சரியாக இரண்டு பேர். கயலுக்கு வலப்பக்கம் ஒட்டி நாசர். தேவிக்கு இடப்பக்கம் ஒட்டி மாறன். இவ்வளவுதான் குறிப்பு.

தேவியை இடப்பக்கமும் கயலை வலப்பக்கமுமாக வைத்தால் மாறனுக்கோ நாசருக்கோ பெஞ்சில் இடம் இருக்காது. ஆகவே கயல்தான் இடப்பக்கம். கயல், நாசர், மாறன், தேவி என்று நாலு பேரும் பிரிக்க முடியாத ஒரே தொடராகிவிடுகிறார்கள். பிலோமினா அந்தத் தொடருக்கு இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம். கேஸ் 1, கேஸ் 2.

இனிக் கேள்விகள். நாசருக்கு வலப்பக்கம் யார்? மாறன், எந்தக் கேஸாக இருந்தாலும் மாறன். பிலோமினா ஓரத்திலா? ஆம், இரண்டிலும். பெஞ்சின் நட்டநடுவில் யார்? முதல் கேஸில் மாறன், அடுத்ததில் நாசர். ஆகவே தீர்மானிக்க முடியாது.

எல்லாக் கட்டமும் நிறையாமலே பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. எது உண்மை என்று தெரியாமலே, எது உண்மையானாலும் மாறாதது எது என்று தெரிந்துகொள்ள முடிகிறது.

அவசரக்காரர் என்ன செய்வார்? பிலோமினாவை வலக்கோடியில் உட்கார வைத்துவிட்டு மேலே போவார். நாசருக்குப் பக்கத்தில் மாறன் என்று எழுதுவார், சரி. பிலோமினா ஓரம் என்று எழுதுவார், அதுவும் சரி. தானே ஒன்றை நிரப்பிவிட்டது அவருக்குத் தெரியவே வராது. ஒரு செட்டில் நான்கு கேள்விகளுக்கு மூன்று இப்படிச் சரியாகிவிட்டால், அந்தப் பழக்கம் அவருக்குத் திறமையாகவே தோன்றும். தவறான வழிக்குக் கிடைக்கும் சரியான விடையைப் போலக் கெடுதல் செய்வது பயிற்சியில் வேறொன்றில்லை என்று நினைக்கிறேன்.

*

ஆலிஸின் கதையை எழுதிய லூயிஸ் கரோலுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பிப்பது வேலை. சொந்தப் பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். 1880களின் பிற்பகுதியில் பிள்ளைகளுக்காகத் தருக்கத்தை ஒரு விளையாட்டாக்கிப் புத்தகம் போட்டார். கூடவே ஓர் அட்டையும் ஒன்பது சில்லுகளும். நான்கு சிவப்பு, ஐந்து சாம்பல்.

கட்டத்தில் சிவப்புச் சில்லு இருந்தால் அங்கே ஏதோ ஒன்றாவது இருக்கிறது. சாம்பல் சில்லு இருந்தால் அங்கே எதுவும் இல்லை. சில்லே வைக்காமல் விட்டால் அந்தக் கட்டத்தைப் பற்றித் தகவல் இல்லை.

சாம்பல் நிறத்தைத்தான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். 'ஒன்றும் இல்லை' என்று சொல்வதற்கே ஒரு சில்லு செலவாகிறது. வெறுமையும் சம்பாதித்துத்தான் வைக்க வேண்டிய தகவல். என் தாளில் பெருக்கல் குறி செய்யும் வேலையும் அதுதான், ஆனால் பேனா எளிதாக ஓடுவதால் அது காசில்லாமல் கிடைப்பதுபோல ஒரு மயக்கம். சில்லுகளை எண்ணித் தந்தால் இவ்வளவு தாராளமாக அடிக்க மாட்டேன்.

1896இல் குறியீட்டுத் தருக்கம் பற்றி அவர் இன்னொரு புத்தகம் எழுதினார். அதில் வரும் கூற்றுகள் பலவும் கோமாளித்தனமானவை. உலக அனுபவம் அங்கே கைகொடுக்காது. சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் நண்பர்கள் 'எல்லாப் பேனாக்களும் நாற்காலிகள், சில நாற்காலிகள் மேகங்கள்' என்று முணுமுணுத்துக்கொண்டே நடப்பதைப் பார்க்கும்போது அவர் நினைவு வரும்.

*

மாவட்ட மைய நூலகத்தில் தேர்வுக்குப் படிப்பவர்கள் உட்காரும் பக்கம். வட்ட மேசைக் கணக்கு போடுபவரை முதுகுப்பக்கமிருந்தே கண்டுபிடித்துவிடலாம். எட்டுப் பேர் மையத்தைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள் என்றால், ஒருவரின் வலக்கை கடிகாரம் ஓடும் திசைக்கு எதிரே இருக்கும். சூத்திரமாக எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் நாற்காலியில் அரைத் திருப்பம் திரும்பி, வலது தோளைக் கொஞ்சம் உயர்த்தி, 'இது என் வலது' என்று உடம்பைக் கேட்டுக்கொள்கிறார்கள். நாலு பேர் மையத்தைப் பார்த்தும் நாலு பேர் வெளியே பார்த்தும் உட்கார்ந்திருக்கும் கணக்கென்றால் தோள் மாறி மாறி ஏறி இறங்கும்.

தருக்கம் தலையில் மட்டும் நடப்பதாக யார் சொன்னது.

*

இரத்த உறவுக் கணக்கு. ஓர் ஆணின் புகைப்படத்தைக் காட்டி ஒரு பெண் சொல்கிறாள்: 'இவருடைய அம்மாவுக்கு ஒரே மகள், அந்த மகள்தான் என் அம்மா.' படத்தில் இருப்பவர் அவளுக்கு யார்?

பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சத்தமாகப் படித்தேன்.

"தாய்மாமன்" என்றார், நான் பேனாவை எடுப்பதற்குள்.

"கணவர்னும் ஒரு ஆப்ஷன் இருக்கு பெரியம்மா. அது தப்புதானே?"

"ஏன் தப்பு? மாமனையே கட்டியிருந்தா?"

விடைக் குறிப்பில் மாமன் மட்டும்தான். தேர்வுக்கு அது போதும். ஆனால் பெரியம்மா சொன்னது சிரித்துவிட்டுப் போகிற பேச்சில்லை. கேள்வி தயாரித்தவர் மனசில் குடும்பம் ஒரு மரம். கிளைகள் பிரியும், மறுபடி ஒட்டாது. எங்கள் பக்கத்து வீடுகளில் அந்த மரத்துக்குக் கண்ணிகள் உண்டு. அக்காள் மகளைக் கட்டியவர், மாமன் மகளைக் கட்டியவர், அத்தையே மாமியாராக வந்த மருமகள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இந்த உறவுகளைத் தடைப்பட்டியலில் வைத்துவிட்டு, வழக்கம் அனுமதித்தால் ஆகலாம் என்று பக்கத்திலேயே ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. மருத்துவர்கள் சொல்லும் காரணங்களால் இப்போது குறைந்துவருகிறது, குறைவது நல்லதுதான். அது வேறு பேச்சு.

நான் 'கணவர்' என்ற கட்டத்தில் பெருக்கல் குறி போட்டேன். பெரியம்மா அதை வெறுமையாக விட்டார். கேள்வியில் எழுதியிருந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் அவருடைய கட்டம்தான் சரி. என் பெருக்கல் குறி கேள்வியிலிருந்து வரவில்லை. கேள்வி எங்கிருந்து வந்ததோ அங்கிருந்து வந்தது.

*

மணிமேகலையின் 29ஆம் காதையைப் பள்ளியில் யாரும் பாடமாக வைப்பதில்லை. கதை வேகமெல்லாம் அடங்கி, காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடம். காண்டல், கருதல் என்று அறிவதற்கு இரண்டே வழி. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகள்: கூற்று, காரணம், எடுத்துக்காட்டு. பிறகு போலிகள். ஏது போலத் தோன்றி ஏது ஆகாதவை, ஒன்றன்பின் ஒன்றாக, பொறுமையைச் சோதிக்கும் நீளத்துக்கு. காப்பியச் சுவை தேடிப் போகிறவர் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுவார். டிஐஎல்ஆர் படிக்கிறவர் அங்கேதான் உட்கார்ந்துவிடுவார்.

அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று ஏதுப்போலி மூன்று. நடுவில் இருப்பது என்னைப் பிடித்துக்கொண்டது. ஒலி அழியக்கூடியது என்று ஒருவர் வாதிடுகிறார். ஏன்? அது அறியப்படுவதால். குடமும் அறியப்படுகிறது, அது அழிகிறது. ஆகாயமும் அறியப்படுகிறது, அது அழியாதது என்று கொள்ளப்படுகிறது. அப்படியானால் அறியப்படுவது என்ற ஏது ஒலியை எந்தப் பக்கம் தள்ளுகிறது? எந்தப் பக்கமும் தள்ளவில்லை. ஏது பொய்யல்ல. ஒலி அறியப்படுவது உண்மைதான். முடிவும் பொய்யென்று ஆகவில்லை. ஏதுவுக்கும் முடிவுக்கும் நடுவே பாலம் இல்லை, அவ்வளவே.

உண்மையான குறிப்பு ஒன்று, எதையும் தீர்மானிக்காமல் சும்மா இருக்கலாம். செட்டுகளில் இப்படி ஒரு குறிப்பாவது இருக்கும். படித்ததும் நிறையச் சொல்வதுபோல இருக்கும்; கேஸ் 1இல் வைத்தால் பொருந்தும், கேஸ் 2இல் வைத்தாலும் பொருந்தும். பொருந்திவிட்டதே என்று முதல் கேஸுக்கு டிக் போடுவதுதான் அறவண அடிகள் எச்சரித்த இடம். பயிற்சி மையங்களின் குறிப்பேடுகளில் ஷார்ட்கட்டுகள் நிறைய இருக்கின்றன. போலிகளின் பட்டியல் எதிலும் நான் பார்க்கவில்லை.

*

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966இல் எழுதிய சீட்டுச் சோதனை. தமிழில் வைத்துக்கொள்கிறேன். மேசையில் நான்கு சீட்டுகள்: அ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒருபக்கம் எழுத்து, மறுபக்கம் எண். 'ஒருபக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்' என்பது விதி. விதி உண்மையா என்று பார்க்க எந்தெந்தச் சீட்டுகளைத் திருப்ப வேண்டும்?

பெரும்பாலோர் அ-வையும் 4-ஐயும் திருப்புவார்கள். திருப்ப வேண்டியவை அ-வும் 7-உம். 4-க்குப் பின்னால் என்ன இருந்தாலும் விதிக்குச் சேதமில்லை. 7-க்குப் பின்னால் ஓர் உயிரெழுத்து இருந்துவிட்டால் விதி உடைந்தது.

1982இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதே சோதனையை உடைமாற்றிக் கொடுத்தார்கள். பீர் குடிப்பவர் 19 வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது விதி. சீட்டுகள்: பீர், கோலா, 22, 16. இந்தத் தடவை பெரும்பாலோர் தயங்காமல் சரியான இரண்டைத் தொட்டார்கள்: பீர் குடிப்பவரின் வயதைப் பார், 16 வயதுக்காரரின் குவளையைப் பார். தருக்கம் அதேதான். யாரோ ஏமாற்றக்கூடும் என்றதும் மூளை விழித்துக்கொள்கிறது என்று ஒரு சாரார் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு.

விளக்கம் எதுவாக இருந்தாலும் எனக்கு இதில் ஒரு பயன் கிடைத்தது. ஒரு டிக் போட்டதும், அதை யாரோ என்னிடம் கொண்டுவந்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இது பொய்யாக இருந்தால் எங்கே தெரியும்? அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். பொருந்தும் இடங்களைப் பார்த்துப் பார்த்து மகிழ்வதைவிட வேகமாக வேலை ஆகிறது. மகிழ்ச்சி கொஞ்சம் குறைவு.

*

மதிப்பெண் கணக்கு.

கேட்டில் ஆப்ஷன் தரும் கேள்விகளில் சரியான விடைக்கு 3, தவறுக்கு ஒன்று குறையும். நான்கு ஆப்ஷன். கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்கு அடித்தால் சராசரியாக ஒன்று சரியாகி 3 வரும், மூன்று தவறாகி 3 போகும். நிகரம் பூஜ்யம். வங்கித் தேர்வில் ஐந்து ஆப்ஷன், தவறுக்குக் கால் மதிப்பெண் குறையும். ஐந்து கேள்விக்கு ஒன்று வரும், நான்கு கால்கள் போகும். அதுவும் பூஜ்யம். இரண்டு தேர்வுகளும் வெவ்வேறு எண்களை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் தராசு முள்ளை நிறுத்தியிருக்கின்றன: ஒன்றும் தெரியாமல் சொல்வதற்கும் சொல்லாமல் விடுவதற்கும் ஒரே விலை.

ஒரே ஒரு ஆப்ஷனை உறுதியாக அடித்துவிட முடிந்தால் முள் சாய்ந்துவிடும். கேட்டில் மீதி மூன்றில் ஒன்றைத் தொட்டாலும் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் லாபம். அரைகுறையாகத் தெரிந்ததற்கும் கூலி உண்டு, தெரிந்த அளவுக்கு. இதை வகுத்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

டி.என்.பி.எஸ்.சி. கதை வேறு. குரூப் 4 தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 25 கேள்விகள் திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும். நெகட்டிவ் மார்க் கிடையாது. 2019இல் நடந்த குரூப் 4 தேர்வில் சிலர் மறையும் மையால் விடையைக் குறித்துவிட்டு, வழியில் வேறு கைகள் அதைத் திருத்தியது 2020 தொடக்கத்தில் பிடிபட்டது. அதன்பின் விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் வந்தது. தெரியாத கேள்வியைச் சும்மா விடக்கூடாது. 'விடை தெரியவில்லை' என்ற ஈ வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். வெறும் இடம் இருந்தால் யாராவது நிரப்பிவிடுவார்கள் என்ற பயம்.

கரோலின் அட்டையிலும் இல்லாத சில்லு இது. 'தகவல் இல்லை' என்பதற்கே ஒரு குறி.

ஆனால் யார் வைப்பார்கள்? தவறுக்குத் தண்டனை இல்லாதபோது, நான்கில் ஒன்றைக் குத்துமதிப்பாகக் கருப்பாக்குவதில் நட்டமே இல்லை. சித்தி மகள் அந்தத் தேர்வுக்குப் படிக்கிறாள். ஈ வட்டத்தைத் தொட்டிருக்கிறாயா என்று கேட்டேன்.

"தெரியலைன்னு எழுதிக் குடுக்க அங்க எதுக்குக்கா போகணும்?" என்றாள்.

நியாயம்தான். தெரியவில்லை என்று சொல்ல இடமும் தந்து, சொல்கிறவருக்குப் பூஜ்யமும், சொல்லாமல் அடித்துவிடுகிறவருக்கு நாலில் ஒரு வாய்ப்பும் தருகிறது அந்தத் தாள்.

*

விட்டுவிடுவது. டிஐஎல்ஆரில் எல்லாரும் கடைசியாகக் கற்றுக்கொள்வது.

ஐந்து செட்டையும் முடிப்பவர் அரிது. முடிக்கத் தேவையும் இல்லை. இரண்டு மூன்றை முழுதாகச் செய்தாலே நல்ல பர்சன்டைல் வந்துவிடும் என்பது தேர்வு எழுதியவர்கள் எல்லாரும் சொல்வது. ஆகவே முதல் சில நிமிடங்கள் எதையும் போடாமல் எல்லாவற்றையும் படிப்பது. எதைத் தொடுவது, எதைத் தொடவே கூடாது என்று பிரிப்பது. போடத் தொடங்கிய ஒன்று பாதி வழியில் இறுகிவிட்டால் எழுந்துவிடுவது. இதுதான் கொடுமை. பத்து நிமிடம் போட்டாயிற்று, கட்டம் பாதி நிறைந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு குறிப்பு பிடிபட்டால் போதும் என்று தோன்றும். செலவான நிமிடங்கள் கையைப் பிடித்து இழுக்கும். அவை திரும்பி வரப்போவதில்லை என்பது தெரிந்தும் இழுக்கும்.

வாத்தியார்கள் 'ஈகோவைக் கழற்றி வெளியே வை' என்பார்கள். எனக்கு அது ஈகோவாகத் தோன்றவில்லை. புதிர் என்றாலே ஒரு வாக்குறுதி உண்டு: வேண்டியதெல்லாம் இந்த அரைப்பக்கத்துக்குள் இருக்கிறது, குறிப்புகள் எல்லாம் உண்மை, கடைசியில் மூடும். வீட்டிலோ அலுவலகத்திலோ யாரும் அப்படி எழுதித் தருவதில்லை. அங்கே பாதிக் குறிப்பு வருவதேயில்லை, வருவதில் ஒன்றிரண்டு பொய். இவ்வளவு நேர்மையான ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுவது கஷ்டமாகத்தான் இருக்கும்.

விட்ட செட்டுகளைத் தனித் தாளில் எழுதி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் இல்லாமல் எடுத்துப் போடுவேன். தேர்வுக்கு இதனால் பயனில்லை என்பார்கள். வேகம் கூடாது, அது உண்மை. பென்சிலும் தாளும் பொழுதும் தாராளமாக இருக்கும்போது, கேஸ் 1, கேஸ் 2, அதற்குள் 2அ, 2ஆ என்று எல்லாவற்றையும் உயிரோடு வைத்துக்கொண்டு நடக்க முடிகிறது. ஒவ்வொன்றாக அது அது தன் குறிப்பில் முட்டிச் சாய்வதைப் பார்க்க முடிகிறது. தேர்வுக் கூடத்தில் இதற்கு இடமில்லை. வாரத்தில் ஒரு நாளாவது எனக்கு இது வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு எடுத்தது தேர்வுத் தாள் அல்ல, பழைய வரிக்குதிரைப் புதிர். ஐந்து வீடு, ஐந்து நிறம், ஐந்து நாட்டுக்காரர்கள், ஐந்து பானம், ஐந்து வளர்ப்புப் பிராணி, ஐந்து வகைச் சிகரெட். 'லைஃப் இன்டர்நேஷனல்' இதழில் 1962 டிசம்பர் 17ஆம் தேதி வந்தது. ஐன்ஸ்டீன் சிறுவயதில் எழுதியது என்று கட்டிவிட்ட கதைக்கு ஆதாரம் கிடையாது. வங்கித் தேர்வில் இன்று வரும் எட்டுப் பேர், எட்டு மாடி, எட்டு ஊர் எல்லாம் அதே சாயலில் இருப்பவை.

கேள்வி இரண்டு: தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை யாருடையது? குறிப்புகளில் தண்ணீர் என்ற பேச்சே இல்லை; வரிக்குதிரை என்ற பேச்சும் இல்லை. நாயும் நத்தையும் நரியும் குதிரையும் இடம் பிடித்த பின் பிராணி வரிசையில் ஒரு கட்டம் மிஞ்சுகிறது. அதில் வரிக்குதிரையை வைக்கிறோம். ஜப்பானியர் வீடு. மற்ற விடை நார்வேக்காரர்.

பெரியம்மாவிடம் தமிழில் சொல்லி, கட்டத்தையும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் நிறுத்தினார். "இவன் வரிக்குதிரை வளக்குறான்னு எந்தக் குறிப்புல இருக்கு?"

"எதுலயும் இல்ல பெரியம்மா. மிச்சம் இருக்கிறது அந்த ஒரு வீடுதான்."

"மிச்சம் இருந்தா? கழுதை வளக்கக்கூடாதா அவன்?"

"கேள்வியில வரிக்குதிரைன்னு கேக்குறாங்களே."

"கேக்குறவன் சொன்னா ஆச்சா" என்று கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டுக்கொண்டு, உலை கொதிக்கிறதா என்று பார்க்க எழுந்து போனார்.